வீடு திரும்பத் தேவையான காற்று

போன கார்த்திகையில் ஒரு ஞாயிறு சாயங்காலம். அஞ்செட்டிக்கும் தேன்கனிக்கோட்டைக்கும் நடுவில் ரோட்டோரம் ஜீப்பை நிறுத்திவிட்டு, நானும் என் அக்கா மகனும் மாறி மாறி ஃபுட் பம்பை மிதித்துக்கொண்டிருந்தோம். பகல் முழுக்க ஒரு நண்பரின் கொல்லைமேட்டில் சேற்றிலும் பாறையிலும் ஓட்டிய வண்டி. நான்கு டயரிலும் 15 பிஎஸ்ஐ காற்றுதான் இருந்தது. முதல் டயருக்கே கால் மணி நேரம் போய்விட்டது. மொபெட்டில் வந்த ஒரு விவசாயி வண்டியை நிறுத்தாமலே சொன்னார்: "யானை இறங்குற நேரம், இங்க நிக்காதீங்க, கிளம்புங்க."

கிளம்பினோம். ஒரு டயர் சரியாக, மூன்று டயர் தளர்வாக. ஓசூர் வரை அக்கா மகன் மெதுவாகத்தான் ஓட்டினான். நெடுஞ்சாலையில் ஏறியதும் பின்னால் வந்த லாரிகளின் ஹாரனுக்குப் பயந்து வேகம் கூட்டினான். அத்திப்பள்ளிக்கு முன்னால் பின்பக்க இடது டயரின் பக்கச் சுவர் கிழிந்தது. வண்டி இழுத்துக்கொண்டு போய் ஓரத்தில் நின்றது. யாருக்கும் அடியில்லை. கிழிந்த ரப்பரைத் தொட்டுப் பார்த்தேன், தோசைக்கல் மாதிரி கொதித்தது.

அன்று இரவு பெங்களூரு ஸ்ரீராம்புரம் வந்து சேர்ந்ததும் அவன் கேட்டான்: "மாமா, நீங்க இருபத்தொன்பது வருஷமா கம்ப்ரசர் மாத்துறீங்க. நம்ம வண்டியில ஒண்ணு மாட்ட முடியாதா?"

நான் கார் ஏ.சி. மெக்கானிக். கூலிங் போகவில்லை என்று வரும் வண்டியில் கம்ப்ரசரைக் கழற்றி வேறொன்று மாட்டுவது என் அன்றாட வேலை. கழற்றிய பழையது, பழைய சாமான் விற்கும் குஜிரிக்குப் போகும். அதில் பாதி, ஷாஃப்ட் சீல் வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக கேஸ் கசிவதால் மட்டுமே கழிக்கப்பட்டது. கேஸைப் பூட்டி வைக்க முடியாத கம்ப்ரசர் ஏ.சி.க்கு ஆகாது. ஆனால் காற்றை அடைக்க அது போதும். காற்றுதான் வெளியில் இலவசமாகக் கிடைக்கிறதே. இத்தனை வருஷம் இது என் கண்ணில் படாமல் போனது எனக்கே வருத்தம்.

சேற்றில் போகிறவர்கள் காற்றை ஏன் இறக்குகிறார்கள் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். கெட்டியாகக் காற்று அடைத்த டயர் தரையில் ஒரு சின்ன இடத்தில்தான் நிற்கும். மொத்த பாரமும் அங்கே இறங்குவதால் சக்கரம் புதைகிறது. காற்றைப் பாதியாக்கினால் டயர் நீளவாக்கில் படுத்து, தரையைப் பரவலாகப் பிடிக்கும். நெல் வயலில் நடக்கிறவன் பாதத்தை அகட்டி வைப்பது போல. மணலிலும் பாறையிலும் இதுதான் வண்டியைக் காப்பாற்றும். ஆனால் அதே தளர்ந்த டயர் தார்ரோட்டில் வேகமாகச் சுற்றினால், ஒவ்வொரு சுற்றுக்கும் பக்கச் சுவர் மடங்கி விரிந்து சூடேறும். கம்பியை வளைத்து வளைத்து ஒடிப்பது போலத்தான் அதுவும். இறக்கிய காற்றைத் தார்ரோடு தொடும் இடத்திலேயே திரும்ப ஏற்றியாக வேண்டும்.

எவ்வளவு காற்று? இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்காமல் யாரும் சாமான் வாங்கப் போகக் கூடாது. அவன் வண்டியில் 235/75 ஆர் 15 டயர். ஒன்றுக்குள் ஏறத்தாழ 55 லிட்டர் இடம். 15 பிஎஸ்ஐ என்பது கிட்டத்தட்ட ஒரு வளிமண்டல அழுத்தம். ஆகவே 15-லிருந்து 30-க்கு ஏற்ற, வெளியிலிருக்கும் காற்றில் இன்னொரு 55 லிட்டரை உள்ளே திணிக்க வேண்டும். நான்குக்கும் சேர்த்து 220 லிட்டர். சிகரெட் லைட்டர் துளையில் சொருகும் சின்னக் கம்ப்ரசர்கள் அட்டைப்பெட்டியில் எழுதியிருக்கும் அளவை, எதிர் அழுத்தம் ஏறிய பிறகு கொடுப்பதில்லை. என் கடைக்கு வந்த ஒன்றை வைத்துப் பார்த்தேன். ஒரு டயருக்கு ஆறு நிமிடம் ஆனது. இரண்டாவது டயரில் மோட்டார் கையைச் சுட்டது, ஆறவிட வேண்டியிருந்தது.

இப்போது ஏ.சி. கம்ப்ரசரைப் பாருங்கள். சாண்டன் 508 என்று எங்கள் தொழிலில் சொல்லும் ஐந்து பிஸ்டன் கம்ப்ரசர் ஒரு சுற்றுக்கு 138 சிசி காற்றை இழுக்கும். நிமிடத்துக்கு 1,500 சுற்று சுற்றினால் 207 லிட்டர். சூட்டிலும் வால்வு இடைவெளியிலும் போவதற்குப் பாதியைத் தள்ளிவிடுங்கள். அப்படியும் நிமிடத்துக்கு 100 லிட்டர் மிஞ்சுகிறது. எஞ்சினின் பலத்தில் பெல்ட் மூலம் ஓடுவதால் பேட்டரிக்குப் பாரமே இல்லை. மேக்னெட்டிக் கிளட்ச் பிடிப்பதற்கு நாலு ஆம்பியர் போதும், ஒரு ஹெட்லைட் பல்பு அளவுதான்.

சிவாஜிநகர் குஜிரியில் ரூ. 2,500-க்கு ஒன்று எடுத்தோம். வாங்கும்போது பார்க்க வேண்டியது மூன்றே விஷயம். முன்பக்க ஹப்பைக் கையால் சுற்றினால் கரகரப்பில்லாமல் சுற்ற வேண்டும். வெளியேறும் துளையைக் கட்டைவிரலால் அடைத்துச் சுற்றினால் விரலைத் தள்ள வேண்டும். உள்ளே இருக்கும் ஆயிலை வெள்ளைத் துணியில் ஊற்றினால் மினுமினுப்பு தெரியக் கூடாது. மினுமினுத்தால் அது பிஸ்டன் தேய்ந்த அலுமினியம். அப்படிப்பட்டதை எவ்வளவு குறைத்துக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். ஓடுகிற காரிலிருந்து நீங்களே கழற்றுவதாக இருந்தால், உள்ளே இருக்கும் கேஸை வெளியில் திறந்துவிடக் கூடாது. ஆர் 134ஏ கேஸ் கார்பன் டை ஆக்சைடைவிட ஆயிரம் மடங்குக்கு மேல் பூமியைச் சூடாக்கும். மெஷின் வைத்திருக்கும் ஏ.சி. கடைக்காரர் அதைப் பிடித்து வைத்துக்கொள்வார்.

ஜீப் பழைய மஹிந்திரா எம்எம் 540. கம்பெனியிலிருந்து ஏ.சி. வராத வண்டி என்பதால் கம்ப்ரசர் உட்காரும் இடமே இல்லை, பிராக்கெட் செய்ய வேண்டியிருந்தது. எங்கள் தெருக்கோடி லேத் பட்டறை பாய், கிராங்க் புல்லியோடு சேர்த்துப் போல்ட் போட இன்னொரு பள்ளம் வெட்டிய புல்லி கடைந்து கொடுத்தார். முதலில் ஆறு மில்லி தகட்டில் பிராக்கெட் செய்தோம். அழுத்தம் ஏறியதும் தகடு அசைந்தது, பெல்ட் கழன்று விழுந்தது. "நான் அப்பவே சொன்னேன், பத்து மில்லி போடுங்கன்னு," என்றார் பாய். பத்து மில்லியில், பின்னால் ஒரு தாங்குகட்டையும் வைத்து வெல்டு பண்ணினோம். இரண்டு புல்லிகளும் ஒரே நேர்கோட்டில் இருக்கிறதா என்று இரும்பு ஸ்கேல் வைத்துப் பார்த்தே அரை நாள் போனது. அந்த அரை நாள் வீணில்லை. கோடு தப்பினால் மாதத்துக்கு ஒரு பெல்ட் வாங்க வேண்டிவரும்.

இனி வருவதுதான் இந்த வேலையின் உயிர். மற்றதையெல்லாம் வேகமாகப் படிப்பவர்கள்கூட இதை நிறுத்திப் படிக்க வேண்டுகிறேன்.

ஏ.சி.யில் கம்ப்ரசருக்கு ஆயில் கொண்டுவருவது கேஸ். கேஸோடு கலந்த ஆயில் பைப் முழுக்கச் சுற்றி, திரும்ப கம்ப்ரசருக்கே வந்து பிஸ்டனையும் பேரிங்கையும் நனைக்கும். காற்றுக்கு அந்த வேலை தெரியாது. உள்ளே இருக்கும் ஆயிலை வெளியே அடித்துக்கொண்டு போய் டயரில் விட்டுவிடும், திருப்பிக் கொண்டுவராது. சில ஞாயிற்றுக்கிழமைகளில் கம்ப்ரசர் காய்ந்து இறுகிவிடும். டயருக்குள் போன ஆயில் ரப்பரையும் கெடுக்கும். அமெரிக்க ஜீப்புகளில் ஒரு காலத்தில் வந்த யார்க் கம்ப்ரசருக்கு ஆயில் தொட்டி தன் வயிற்றிலேயே இருந்தது. அதனால்தான் அங்கே இந்த வேலை செய்கிறவர்கள் அதைத் தேடி அலைகிறார்கள். நம் ஊர் குஜிரியில் நான் அதைப் பார்த்ததில்லை. கிடைப்பதை வைத்து இரண்டு காரியம் செய்தேன். கம்ப்ரசர் காற்று இழுக்கும் பக்கம், ஃபில்டருக்கு அடுத்து, பட்டறைகளில் காற்றுத் துப்பாக்கிக்கு மாட்டும் ஆயிலர் ஒன்றை வைத்தேன். சொட்டுச் சொட்டாக அது ஆயில் கொடுக்கும். வெளியேறும் பக்கம் ஆயிலையும் தண்ணீரையும் பிரிக்கும் செபரேட்டர். அதன் கிண்ணத்தில் சேருவதை ஒவ்வொரு பயணத்துக்குப் பிறகும் வடித்துவிட வேண்டும். ஏ.சி.க்கு ஊற்றும் பிஏஜி ஆயில் ஈரத்தைக் குடிக்கும், அதை இங்கே ஊற்றக் கூடாது. ஏர் கம்ப்ரசர் ஆயில் என்று கேட்டு வாங்குங்கள்.

அடுத்தது சூடு. சைக்கிளுக்குக் காற்று அடிக்கும்போது பம்பின் அடிப்பாகத்தைத் தொட்டவர்களுக்குத் தெரியும், காற்றை அழுத்தினால் கொதிக்கும். கம்ப்ரசர் வாயில் அது நூறு டிகிரியைச் சுலபமாகத் தாண்டும். இதைத் தெரிந்தும் நான் ஒரு தவறு செய்தேன். எஸ்.பி. ரோட்டில் மீட்டர் கணக்கில் விற்கும் நீல நிற பியூ ஹோஸை நேராகக் கம்ப்ரசர் வாயிலேயே மாட்டினேன். அந்த ஹோஸ் அறுபது டிகிரி வரைதான் தாங்கும். இரண்டாவது டயர் அடிக்கும்போது இளகி, இணைப்பிலிருந்து பிய்த்துக்கொண்டு, பானெட்டுக்குக் கீழே சாட்டை மாதிரி விளாசியது. அக்கா மகன் அந்தப் பக்கம் குனிந்திருந்தான், முகத்துக்கு ஒரு சாண் தள்ளிப் போனது. அன்றைக்கு வேலையை அத்தோடு நிறுத்திவிட்டேன். மறுநாள், உள்ளே டெஃப்லானும் வெளியே ஸ்டீல் கம்பிப் பின்னலும் உள்ள ஹோஸை ஒன்றரை மீட்டர் வாங்கினேன். அதிலிருந்து காப்பர் பைப்பைச் சுருட்டி முன்பக்கக் காற்று படும்படி வைத்து, காற்று ஆறிய பிறகுதான் செபரேட்டருக்கு விட்டேன். ரூ. 1,800 கூடச் செலவானது. எஞ்சின் ரப்பர் மவுண்டில் ஆடும், டேங்க் சேசிஸில் அசையாமல் இருக்கும். அதனால் இரண்டுக்கும் நடுவே வளையும் ஹோஸ் கட்டாயம் வேண்டும், நேர் பைப் போட்டால் விரிசல் விடும்.

டேங்க் பற்றி ஒரு தப்பான எண்ணம் பலருக்கு உண்டு. பெரிய டேங்க் இருந்தால் எல்லா டயரும் அதிலிருந்தே நிரம்பும் என்று நினைக்கிறார்கள். பத்து லிட்டர் டேங்கில் 8 பார் அடைத்தாலும், 2 பார் டயருக்கு அதிலிருந்து எடுக்க முடிவது 60 லிட்டர்தான். ஒரு டயரோடு சரி. வேலை செய்வது கம்ப்ரசர். துடிப்பைச் சமன் செய்யவும், பிரஷர் ஸ்விட்ச் நிமிடத்துக்குப் பத்து தடவை கிளட்சை அடிக்காமல் இருக்கவும்தான் டேங்க்.

எங்களுக்குக் கிடைத்தது லாரியின் ஏர் பிரேக் டேங்க். இதில் எனக்குத் தனி மரியாதை உண்டு. நம் நாட்டில் வண்டியில் காற்று சுமந்து போவதை லாரிக்காரர்கள் எப்போதோ பழகிவிட்டார்கள். பல லாரிகளில் பிரேக்குக்குப் போகும் காற்றிலிருந்து டயருக்கு எடுக்கவே ஒரு முனை வைத்திருப்பார்கள். கிளீனர் அதில் ஹோஸ் மாட்டி கேபின் தூசியையும் அதிலேயே ஊதுவார். சென்னை பாடியில் 1962-இல் தொடங்கிய சுந்தரம் கிளேட்டன், பிரிட்டனின் கிளேட்டன் டிவாண்டர் கம்பெனியோடு சேர்ந்து இந்த ஏர் பிரேக் சாமான்களை இங்கேயே செய்தது. கோயம்புத்தூரில் 1960-இல் தொடங்கிய எல்ஜி எக்விப்மென்ட்ஸின் கம்ப்ரசர்தான் நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் தெரு பஞ்சர் கடையில் தடதடத்தது. எங்கள் வீட்டுப் பக்கம் மல்லேஸ்வரத்துக்கும் யஷ்வந்த்பூருக்கும் போகும் ரயில் பாதை இருக்கிறது. வண்டி நின்று கிளம்பும்போது கேட்கும் 'உஸ்' என்ற சத்தமும் காற்றுதான். நம் ரயிலின் பிரேக் பைப்பில் சதுர சென்டிமீட்டருக்கு 5 கிலோ அழுத்தம். அது குறைந்தால் பிரேக் தானாகப் பிடிக்கும். எங்கள் தெருவுக்கு இந்தத் தொழில் புதிதில்லை என்பதற்காகச் சொல்கிறேன். ஏர் பிரேக் உள்ள வண்டி வைத்திருப்பவர்கள் ஒன்றை மனதில் வையுங்கள். பிரேக் லைனில் நீங்களாகத் துளை போட்டுக் காற்று எடுக்காதீர்கள். கம்பெனி கொடுத்த முனை இருந்தால் அதை மட்டும் பயன்படுத்துங்கள்.

பழைய டேங்கை அப்படியே மாட்டவில்லை. முதலில் முழுக்கத் தண்ணீர் நிரப்பி, பிளம்பர்கள் வைத்திருக்கும் கைப் பம்பால் 12 பார் வரை அழுத்தி, அரை மணி நேரம் விட்டோம். ஓட்டப்போகும் அழுத்தம் 8 பார், அதில் ஒன்றரை மடங்கு. ஏன் தண்ணீர்? தண்ணீரை அழுத்தினால் அது சுருங்காது. டேங்க் கிழிந்தால் ஒரு சொட்டு கசியும், அவ்வளவுதான். காற்று ஸ்பிரிங் மாதிரி சுருங்கி உட்கார்ந்திருக்கும். டேங்க் கிழிந்தால் அந்த ஸ்பிரிங் முழுக்க ஒரே நொடியில் விரியும், தகடு குண்டுச் சில்லாகும். காற்றை அடைத்து டேங்கைச் சோதிப்பவரை உடனே தடுத்து நிறுத்துங்கள். பழைய தீயணைப்புச் சிலிண்டரை டேங்காக்கிக் கொண்டுவந்த ஒருவரை நான் வேலை செய்யாமல் திருப்பி அனுப்பினேன். உள்ளே டார்ச் அடித்துப் பார்த்தால் துரு பொரிப்பொரியாக உதிர்ந்தது. பிவிசி பைப்பில் டேங்க் செய்கிறவர்களும் இருக்கிறார்கள். பிவிசி கண்ணாடி போலச் சிதறும். சிதறிய துண்டு எக்ஸ்ரேயில் தெளிவாகத் தெரியாது என்பதால் டாக்டருக்கும் கஷ்டம்.

வயரிங் ஒரு மணி நேர வேலை. பேட்டரி, ஃபியூஸ், டாஷ்போர்டில் ஒரு ஸ்விட்ச், பிரஷர் ஸ்விட்ச், ரிலே, கிளட்ச். 6 பாருக்கு இறங்கினால் பிடிக்கும், 8 பாருக்கு ஏறினால் விடும். டேங்க் வாயில் ஒரு செக் வால்வு இருந்தால் காற்று கம்ப்ரசருக்குத் திரும்பி வராது. டேங்கின் அடியில் ட்ரெயின் காக், மேலே சேஃப்டி வால்வு. பிரஷர் ஸ்விட்ச் ஒட்டிக்கொள்ளலாம், ரிலே ஒட்டிக்கொள்ளலாம். அப்போது கம்ப்ரசர் நிற்காமல் அடைத்துக்கொண்டே போகும். அந்த நேரத்தில் உங்களுக்கும் வெடிப்புக்கும் நடுவே நிற்பது விரல் நீளமுள்ள அந்தப் பித்தளை வால்வு மட்டும்தான். இதை 10 பாருக்குத் திறக்கும்படி முத்திரை போட்டதாக வாங்கினேன். மொத்தச் செலவு 14,000 ரூபாயில் வால்வுக்குப் போனது 400 தான். இதில் மிச்சம் பிடிப்பவர் என்னிடம் வர வேண்டாம் என்று கடையில் சொல்லியே வைத்திருக்கிறேன்.

சட்டத்தையும் சொல்ல வேண்டும். 1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் கம்பெனி கொடுத்ததிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதியாகச் சொன்னது. எங்களுக்கு ஆர்டிஓ ராஜாஜிநகரில் இருக்கிறது. வேலை தொடங்கும் முன்பே அக்கா மகனை அங்கே அனுப்பிக் கேட்டு வரச் சொன்னேன். உங்கள் ஊர் ஆர்டிஓவில் நீங்களும் கேட்டுக்கொள்ளுங்கள். இன்சூரன்ஸ்காரரிடமும் எழுதிக் கேட்டு வைப்பது நல்லது.

தை பிறந்த பிறகு மறுபடி அஞ்செட்டிப் பக்கம் போனோம். அதே இடத்தில் நிறுத்தி, கையால் ஆக்சிலரேட்டரை இழுத்து வைத்து, எஞ்சினைக் கொஞ்சம் உயர்த்தினோம். முதல் டயர் ஐம்பது விநாடி. நாலும் முடிய, ஹோஸை இழுத்து மாட்டும் நேரத்தோடு சேர்த்து, ஐந்தரை நிமிடம். சாயங்காலம் வெளிச்சம் இருக்கும்போதே ஓசூர் தாண்டிவிட்டோம். டயரைத் தொட்டுப் பார்த்தேன். வெதுவெதுப்பாக இருந்தது, அவ்வளவுதான்.

மழைக்காலத்தில் டேங்கில் கொஞ்சம் தண்ணீர் சேர்கிறது. பெங்களூரு ஈரத்தில் அது இருக்கத்தான் செய்யும். அடைத்து வைத்த காற்றோடு ஊருக்குள் சுற்றாமல், ஒவ்வொரு பயணம் முடிந்ததும் ட்ரெயின் காக்கைத் திறந்து காற்றையும் தண்ணீரையும் முழுக்க வெளியேற்றிவிடுகிறோம்.

ஏற்கெனவே வண்டியில் இப்படி ஒன்று மாட்டி வைத்திருப்பவர்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள். சேஃப்டி வால்வின் தலையில் ஒரு சின்ன வளையம் இருக்கும். அதைக் கடைசியாக எப்போது இழுத்தீர்கள்? டேங்கில் காற்று இருக்கும்போது, கண்ணாடி போட்டுக்கொண்டு, முகத்தைத் தள்ளி வைத்து, நாளை காலையிலேயே ஒரு தடவை இழுத்துப் பாருங்கள். சத்தமாகக் காற்று சீறி, விட்டதும் டக்கென்று அடைபட வேண்டும். அப்படி நடக்கவில்லை என்றால் அந்த வண்டியில் கம்ப்ரசரைப் போடாதீர்கள். முதலில் வால்வை மாற்றுங்கள்.